கழுவி வந்த போத்தல்கள்

என் அப்பிள் பட்டரை நீங்கள்தான் கொட்டினீர்கள். பதினெட்டுப் போத்தலையும் கொட்டினீர்கள். பிறகு மேடையில் ஏறி மைக்கைப் பிடித்து, எல்லாம் விற்றுத் தீர்ந்தது என்று சொன்னீர்கள்.

உங்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் சனம் பெயரைப் பற்றித்தான் கதைக்கும், கொட்டியதைப் பற்றிக் கதைக்காது. நீங்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் தமிழ்ப் பாடசாலையின் சாப்பாட்டுக் கடையைப் பல வருடங்களாக நடத்துகிறவர். ஓக்லண்டின் வடக்கே ஆல்பனியில் வீடு. எல்லோருக்கும் அக்கா. எனக்கும் அக்காவாகத்தான் இருந்தீர்கள்.

நான் படித்து எழுத வந்தவள் இல்லை. ஒனிஹங்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் குசினி வேலை. உருளைக்கிழங்கு தோல் சீவுவேன், சூப் காய்ச்சுவேன், சட்டி கழுவுவேன். அங்கே சமையலுக்குப் பொறுப்பாக இருக்கும் வெள்ளைக்காரப் பெண் சொல்லித்தந்ததுதான் இந்த அப்பிள் பட்டர். எங்கள் வாடகை வீட்டின் பின்னால் ஒரு பழைய அப்பிள் மரம் நிற்கிறது. மார்ச் பிறந்தால் கொட்டத் தொடங்கும். புல்லு வெட்ட முடியாது, மெஷினில் பழம் சிக்கும். நான் வேலையிடத்தில் இதைச் சொல்லிப் புறுபுறுத்தபோது, எறியாதே, காய்ச்சு என்றாள்.

பட்டர் என்றுதான் பெயர், பட்டர் ஒரு துளியும் கிடையாது. விழுந்த பழமும் சரி, புழு தின்ற பழமும் சரி, கெட்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தோலோடு அவிக்க வேண்டும். அவிந்ததை அரிதட்டில் போட்டு மசித்தால் தோலும் விதையும் மேலே நிற்கும், களி கீழே இறங்கும். அந்தக் களியைப் பெரிய சட்டியில் ஊற்றி, மண்ணிறச் சீனி, கறுவா, கொஞ்சம் கராம்பு போட்டு, அடுப்பைக் குறைத்துவிட்டுக் கிண்ட வேண்டும். மணித்தியாலக் கணக்காகக் கிண்ட வேண்டும். முதலில் வெளிறிப்போய்க் குழந்தைச் சாப்பாடு மாதிரி இருக்கும். பிறகு பழுப்பாகும். பிறகு கறுக்கும். கொதிக்கும்போது தெறித்துக் கையைச் சுடும். என் வலது கையில் இப்போதும் புள்ளிகள் இருக்கின்றன.

இவ்வளவு நேரமும் சும்மா நின்று கிண்ட முடியாது. அதனால் நான் யாழ்ப்பாணத்துக்கு அம்மாவுக்கு வீடியோ போடுவேன். போனைச் சீனி டின்னில் சாத்தி வைத்தால் சட்டியும் என் முகத்தில் பாதியும் அம்மாவுக்குத் தெரியும். அம்மா அங்கே கீரை ஆய்வா, மீன்காரனோடு சண்டை பிடிப்பா, இடைக்கிடை எட்டிப் பார்ப்பா.

முதல் வருடம் அம்மா கேட்டா, "என்னடி இது, பேதிக்குக் குடிக்கிற கசாயமே?"

அடுத்த வருடம், "இவ்வளவு நேரம் கிண்டினா இஞ்சை ஒரு கலியாணத்துக்கே சமைச்சு இறக்கிப்போடுவன். கரண்ட் காசு ஆர் கட்டுறது?"

ஆனால் நிறம் பார்ப்பதில் அம்மா கெட்டிக்காரி. நான் போதும் என்று கரண்டியை வைத்தால், "இன்னும் வரேல்லை. கரண்டி போன வழி மூடுது பார். மூடாமல் நிக்கோணும்," என்பா. ஒருநாளும் ருசி பார்க்காத ஒரு சாமானுக்கு அம்மாதான் பதம் சொன்னா. அவ சொன்ன பதத்தில் இறக்கிய போத்தல்களைத்தான் வருடாவருடம் நீங்கள் வாங்கி விற்றீர்கள். மகள் பாடசாலையை விட்டு யூனிவர்சிட்டிக்குப் போன பிறகும் நான் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னை மேடையில் ஏற்றவில்லை. நான் கேட்கவுமில்லை.

போன வருடத்துக்கு முதல் வருடம் அம்மா செத்துப்போனா. எனக்குப் போக முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று இங்கே எழுதினால் அது வேறு கதையாகிவிடும். செத்தவீட்டை அதே குசினியில், அதே சீனி டின்னில் போனைச் சாத்தி வைத்துப் பார்த்தேன். யாரோ போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், கை ஆடிக்கொண்டே இருந்தது. கனநேரம் பந்தல் தகரம்தான் தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. சிங்கில் கிடந்த பாத்திரத்தைக் கழுவினேன்.

நாலாம் நாள் காலை நீங்கள் அழைத்தீர்கள். நினைவிருக்கிறதா?

"பிள்ளை, கலியாணம் கட்டிக் குடுத்த பொம்பிளைக்குத் தாய் தேப்பன்ர துடக்கு மூண்டு நாள் தானே. உமக்கு நேற்றோடை கழிஞ்சுது. சனிக்கிழமை ஹோலிலை தோசை போடுறம், சம்பலுக்குத் தேங்காய் திருவ ஆள் காணாது. வாரும்."

நான் வந்தேன். பக்குரங்காவில் இருக்கிற அந்த வாடகை ஹோலின் பின்பக்கத்தில் நின்று தேங்காய் திருவினேன். ஒருவரும் அம்மாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, துடக்குத்தான், செத்தவீட்டுத் தீட்டுத்தான், கழிந்துவிட்டதே. உங்கள் மேல் அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு ருசி தெரியாமல் போனது. எந்த நாள் என்று சொல்ல முடியாது. ஒருநாள் வேலையிடத்தில் சூப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். கிழவர்கள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் குடித்துப் பார்த்தேன், சுடுதண்ணீர் மாதிரி இருந்தது. கோவிட்டாக்கும் என்று சோதித்துப் பார்த்தேன், இல்லை. உறைப்புச் சுடும், ஐஸ் குளிரும், அவ்வளவுதான். வீட்டில் அளவை நினைவில் வைத்துச் சமைத்தேன். என் மனுசனுக்குச் சீனி வருத்தம், இனிப்பு ஆகாது, மற்றதில் எதைக் கொடுத்தாலும் நல்லாயிருக்கு என்பார். மகள் இனிப்புப் பக்கமே போகமாட்டாள். கேட்டால், "ஐ'ம் குட், மம்," என்பாள். ஆக, எனக்கு ருசி சொல்ல வீட்டில் ஆள் கிடையாது.

அந்த வருடம் மரம் சும்மா கொட்டியது. நான் பொறுக்கவில்லை. பழம் புல்லில் கிடந்து அழுகியது, குளவி வந்தது, மனுசன் வாளியில் அள்ளிக் கொட்டினார். நீங்களும் ஏன் தரவில்லை என்று கேட்கவில்லை.

போன வருடம் ஏப்ரலில் திரும்பச் செய்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. பழம் கிடந்தது, செய்தேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் தொடங்கினேன். பழக்கத்தில் போனை எடுத்துச் சீனி டின்னில் சாத்தி வைத்துவிட்டேன். யாருக்கும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் திரை தானாக அணைந்தது. நான் கிண்டிக்கொண்டே இருந்தேன். கறுத்தது. கரண்டி போன வழி மூடாமல் நின்றது. அது சரி என்று கண்ணுக்குத் தெரிந்தது. நாக்கில் வைத்தேன், சுட்டது, வேறொன்றும் தெரியவில்லை. அடிப்பிடித்ததா, கராம்பு கூடிவிட்டதா, புளிக்கிறதா, எனக்குத் தெரியாது.

ஓவனில் சூடாக்கிய போத்தல்களில் ஊற்றி மூடினேன். சரியாகப் பதினெட்டு வந்தது. வீட்டுக்கு ஒன்றும் வைக்கவில்லை, வைத்து யார் சாப்பிடுவது? நீங்கள் போட்ட விதிப்படி ஒவ்வொன்றிலும் செய்த நாளை எழுதி ஒட்டினேன். பின்னேரமே மனுசன் காரில் ஏற்றிக்கொண்டு பாலம் கடந்து உங்கள் வீட்டுக்கு வந்தோம். போத்தல்களில் சூடு இன்னும் இருந்தது. வாசலில் வைத்து உங்களிடம் சொன்னேன்:

"அக்கா, ஒருக்கா ருசி பாத்துச் சொல்லுங்கோ. எனக்கு இப்ப ருசி தெரியுதில்லை. அம்மா போனாப்பிறகு முதல் தரம் செய்யிறன்."

நீங்கள் சொன்னீர்கள், "இப்ப பல்லு விளக்கிப்போட்டன் பிள்ளை. நாளைக்குப் பாத்துச் சொல்லுறன்."

பின்னேரம் ஆறு மணிக்குப் பல்லு விளக்குகிறவரை நான் அன்றைக்குத்தான் கண்டேன். போகட்டும்.

மறுநாள், திங்கள், நான் வேலையில் நின்றபோது ரொறன்ரோவில் என் மனுசனின் பெரியப்பா செத்துப்போனார் என்று செய்தி வந்தது. தொண்ணூறு கடந்தவர். என் மனுசன் அவரைச் சின்னனில் இரண்டு தரம் கண்டிருக்கிறார். நான் கண்டதே இல்லை. என்னை அவர் கண்டிருந்தால் யார் என்று கேட்டிருப்பார். ஆனால் அவர் மனுசனின் பரம்பரை, பங்காளி. ஆகவே எங்கள் வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. பெற்ற தாய்க்கு மூன்று. முன்பின் பார்த்திராத பெரியப்பாவுக்கு முப்பத்தொன்று. இந்தக் கணக்கைப் போட்டது நீங்கள் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் ஓக்லண்டில் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக அழைக்கிறவர் நீங்கள்.

செவ்வாய்க்கிழமை அழைத்தீர்கள். சனிக்கிழமை பாடசாலை விழாவில் விளக்கேற்றுவது இருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் ஹோலுக்கு வராமல் விட்டால் நல்லது என்றீர்கள். சரி என்றேன். போத்தல்களை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். அது முந்தியே வந்துவிட்டதுதானே, அதற்கொன்றும் இல்லை என்றீர்கள். ருசி பார்த்தீர்களா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

சனிக்கிழமை விழாவை நேரலையில் போட்டார்கள். மனுசனும் நானும் சோபாவில் இருந்து பார்த்தோம். பிள்ளைகள் ஆடினார்கள், ஒருவர் நீளமாகப் பேசினார். கடைசியில் நீங்கள் நன்றி சொல்ல வந்தீர்கள். நீங்கள் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன், பிழை என்றால் சொல்லுங்கள், பதிவு இருக்கிறது.

"ஒனிஹங்காவிலை இருந்து எங்கட தங்கச்சி ஒராள் செய்து தந்த அப்பிள் ஜாம் அரை மணித்தியாலத்திலை முடிஞ்சுது. சாப்பிட்டவையெல்லாம் அவ்வளவு ருசி, இன்னும் இருக்கோ எண்டு கேக்கினம்."

கை தட்டினார்கள். மனுசன் என் தோளில் தட்டினார். நான் எழும்பிப்போய் மத்தியானச் சோற்றை எடுத்துப் போட்டுப் பருப்பு விட்டுச் சாப்பிட்டேன். உப்புத் தெரிந்தது. பெரிதாக இல்லை, தூரத்தில் யாரோ கதைக்கிற மாதிரித் தெரிந்தது. நான் மனுசனுக்குச் சொல்லவில்லை. இன்னொரு கோப்பை போட்டுச் சாப்பிட்டேன்.

அம்மா இல்லாமல் நான் பார்த்த பதம் சரி. அது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதை நீங்கள் மைக்கில் சொன்னீர்கள். நான் நம்பினேன்.

துடக்குக் கழிந்த பிறகு உங்கள் மனுசன் எயார்போட் பக்கம் வேலைக்குப் போகிற வழியில் ஒரு பெட்டியை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே என் போத்தல்கள். நன்றாகக் கழுவி, வெந்நீரில் ஊறவைத்து லேபலை உரித்து, மூடி பூட்டி, இடையில் கடதாசி வைத்து அடுக்கியிருந்தீர்கள். நல்ல வேலை. நான் எடுத்து அலுமாரியில் வைத்தேன், தேத்தண்ணீர் குடித்தேன், வேலைக்குப் போனேன். ஒன்றும் யோசிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, வேலையிடத்தில் மாமலேட் போத்தல் ஒன்றைக் கழுவிக்கொண்டு நின்றபோதுதான் மண்டையில் ஏறியது. கடையில் ஜாம் வாங்குகிறவன் போத்தலோடுதானே வாங்கிக்கொண்டு போவான்? விற்ற போத்தல் எப்படித் திரும்பி வரும்? அதுவும் ஒன்று குறையாமல்?

மனுசன் விடு என்றார். மகளும் விடு என்றாள், ஆங்கிலத்தில். நான் பஸ் எடுத்து, மாறி, ஆல்பனிக்கு வந்தேன். நீங்கள் தேத்தண்ணீர் போட்டீர்கள். நான் கேட்டேன், "அக்கா, வித்த போத்தல் எப்பிடித் திரும்பி வந்தது?"

"ஆக்கள் திருப்பித் தந்தவை பிள்ளை."

"பதினெட்டுப் பேருமோ? மூடியோடையோ?"

நீங்கள் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினீர்கள். பிறகு சொன்னீர்கள். மரண அறிவித்தலில் ஞாயிற்றுக்கிழமை என்று போட்டிருந்தது. என் போத்தலிலும் ஞாயிற்றுக்கிழமை என்று எழுதியிருந்தது. செத்த அன்றைக்குத் துடக்கு வீட்டில் காய்ச்சியது, விளக்கேற்றுகிற இடத்தில் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்று யோசித்தீர்களாம். பின்வளவில் எலுமிச்சை மரத்தடியில் கிடங்கு வெட்டிக் கொட்டினீர்களாம். எல்லாவற்றையும் நல்லதுக்குத்தான் செய்தீர்களாம்.

எனக்குத் துடக்கில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அதை விடுங்கள். உங்களுக்கு இருக்கிறது. உங்கள் விதிப்படியே கேட்டேன். "அவர் ரொறன்ரோவிலை ஞாயிறு பின்னேரம் செத்தவர். அப்ப எங்களுக்குத் திங்கள் காலமை. நான் ஞாயிறு காய்ச்சி ஞாயிறே உங்கட வாசலிலை இறக்கிப்போட்டன். அந்தாள் அப்ப உயிரோடை. உங்கட மகளும் அங்கை தானே இருக்கிறா? அவவுக்கு எடுக்கேக்கை, உங்களுக்கு இன்னும் நேற்றுத்தான் எண்டு பகிடி விடுறனீங்களெல்லோ?"

நீங்கள் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தீர்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கணக்கு முடிந்ததும் உங்கள் முகம் மாறியது. "அட," என்றீர்கள். அவ்வளவுதான். என்னுடைய ஒரு நாள் வேலைக்கு, அம்மாவின் பதத்துக்கு, ஒரு அட.

"கொட்டினது கொட்டினனீங்கள். போத்தலை ஏன் அக்கா எறியேல்லை?"

"நல்ல போத்தல் பிள்ளை. எறிய மனம் வருமே?"

கண்ணாடியை எறிய உங்களுக்கு மனம் வரவில்லை. உள்ளே இருந்ததைக் கொட்ட வந்திருக்கிறது. கழுவினால் துடக்குப் போத்தலை விட்டுப் போய்விடுகிறது, பாருங்கள்.

கடைசியாகக் கேட்டேன், கொட்ட முதல் ஒரு விரலாவது தொட்டு நக்கிப் பார்த்தீர்களா என்று. துடக்குச் சாமானை யார் வாயில் வைக்கிறது என்றீர்கள். அப்படியென்றால் ருசி என்று மேடையில் ஏன் சொன்னீர்கள் என்றேன். உம்முடைய மனம் நோகக்கூடாது என்றுதான் என்றீர்கள். இதைப் பெரிதாக்க வேண்டாம், ஒருவரிடமும் சொல்ல வேண்டாம், அடுத்த முறை இரட்டிப்பாகக் கொண்டு வாரும், நானே நின்று விற்றுத் தருகிறேன் என்றீர்கள். வெளிக்கிடும்போது ஒரு பையில் எலுமிச்சங்காய் ஆய்ந்து தந்தீர்கள். அதே மரத்துக் காய். நான் வாங்கிக்கொண்டு வந்து பஸ் தரிப்பில் வைத்துவிட்டு ஏறிவிட்டேன்.

நான் அழவில்லை. சண்டையும் பிடிக்கவில்லை. அது உங்களுக்கு வசதியாகப் போய்விட்டது. பிறகு பாடசாலையில் யாரோ கேட்டதற்கு, தாய் செத்ததில் இருந்து அவளுக்கு ஒரு மாதிரி என்று சொல்லியிருக்கிறீர்கள். தாய் செத்து நாலாம் நாள் தேங்காய் திருவக் கூப்பிட்டபோது நான் ஒரு மாதிரி இல்லை. விற்ற போத்தல் எப்படித் திரும்பி வந்தது என்று கேட்டபோதுதான் ஒரு மாதிரி ஆகிவிட்டேன்.

பதினெட்டுப் போத்தல் போனது எனக்குப் பெரிய காரியம் இல்லை. பழம் மரத்தில் இருந்து சும்மா விழுகிறது. நான் கேட்டது ஒன்றைத்தான்: சரியாக வந்ததா, இல்லையா? அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் யாழ்ப்பாணத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தா, அவ போய்விட்டா. அதனால் உங்களிடம் கேட்டேன். நீங்கள் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பார்க்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு ஹோல் நிறைந்த சனத்துக்கு முன்னால் பொய்யான பதிலைச் சொன்னீர்கள். இப்போது எனக்கு எந்தப் பதிலும் இல்லை. உப்புத் தெரிந்தது என்றேனே, அதுகூட மெய்யாகத் தெரிந்ததா என்று இப்போது எனக்குச் சந்தேகம்.

இந்த வருடமும் மரம் காய்த்திருக்கிறது. காய்ச்சப் போகிறேன். விழாவுக்கு ஒரே ஒரு போத்தல் கொண்டு வருவேன், லேபலில் நாளும் நேரமும் எழுதி, எந்த ஊர் நேரம் என்றும் எழுதி. வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டாம். போன் எடுக்க வேண்டாம். பிஸ்கட்டும் வேண்டாம். அதே ஹோல், அதே மேடை, அதே மைக். போன வருடம் ஒரு போத்தலும் விற்கவில்லை, ஒருவரும் சாப்பிடவில்லை, நான்தான் கொட்டினேன் என்று முதலில் சொல்லுங்கள். பிறகு என் போத்தலைத் திறந்து எல்லோரும் பார்க்க ஒரு கரண்டி வாயில் வையுங்கள். பல்லு விளக்கியாயிற்று என்று சொல்ல வேண்டாம். விழுங்கிவிட்டு மைக்கில் சொல்லுங்கள். நல்லதென்றால் நல்லது. அடிப்பிடித்திருந்தால் அடிப்பிடித்துவிட்டது என்று சொல்லுங்கள். எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லுங்கள்.